ஓரம் கருகினால் உரக்கடைக்கு ஓடாதீர்கள்

கேள்வி: முற்றத்தில் பெயின்ற் வாளியொன்றில் கதலி வாழைக்குட்டி வைத்து ஏழு மாதமாகிறது. ஒன்றரை மாதமாகக் கீழ் இலைகள் ஓரம் கருகிக் காய்கின்றன. உரக்கடையில் “இது வைரஸ்” என்று ஒரு மருந்து தந்தார்கள். இரண்டு தரம் அடித்தும் மாற்றமில்லை. படம் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, கொழும்புத்துறை

பதில்: முதலில் அந்த மருந்தை நிறுத்துங்கள். வாழைக்கு வைரஸ் வந்தால் அதைக் குணமாக்கும் மருந்தே கிடையாது. “வைரஸ்” என்று சொல்லிக்கொண்டே போத்தலை நீட்டுகிறவருக்கு ஒன்றில் வைரஸைத் தெரியாது, அல்லது உங்களை நன்றாகத் தெரியும்.

வாழையில் எந்த இலை முதலில் கெடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் படத்தில் குருத்து நல்ல பச்சையாக விரிகிறது. கெட்டவை கீழ் இலைகள், அதுவும் ஓரத்திலிருந்து உள்ளே. மண்ணின் மேலே வெள்ளை பூத்திருக்கிறது. வீடோ கடற்கரைப் பக்கம். இது உப்பு. வாழை உப்பைத் தாங்காது. நிலத்தில் நின்றால் மாரி மழை கழுவிக்கொண்டு போகும். வாளியில் தண்ணீரை மரம் குடித்துவிடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். நீங்கள் போட்ட பசளையும் அதோடு சேர்ந்திருக்கும்.

வாளியைச் சரித்து அடியைப் பாருங்கள். பெயின்ற் வாளியில் துளை இருக்காது, நாங்கள்தான் போட வேண்டும். விரல் பருமனில் ஐந்தாறு போட்டு, இரண்டு கல்லின் மேல் தூக்கி வையுங்கள். பிறகு மழைத்தண்ணீரோ நல்ல தண்ணீர்க் கிணற்றுத் தண்ணீரோ, வாளி கொள்வதைப்போல மூன்று மடங்கு, ஆறுதலாக ஊற்றி வடிய விடுங்கள். ஒரு மாதம் பசளை வேண்டாம். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. புதிதாக வரும் மூன்று நான்கு இலைகளைப் பார்த்துத்தான் முடிவு சொல்லலாம். இலை கிழிந்திருப்பது சோளகக் காற்றின் வேலை, அதை விடுங்கள். காய்க்க வேண்டுமென்றால் இந்த வாளி போதாது, எப்படியும் அரைப் பரல் (பாதியாக வெட்டிய பீப்பாய்) தேவைப்படும்.

ஒன்றை மட்டும் விட்டுப்போக மாட்டேன்: முடிக்கொத்து நோய். 1913இலேயே இலங்கையில் பதிவான வைரஸ் இது. குருத்திலிருந்து வரும் ஒவ்வொரு இலையும் முந்தியதைவிடக் குட்டையாக, ஒடுக்கமாக, நிமிர்ந்து, விளக்குமாறு கட்டினமாதிரி நிற்கும். இலையை வெயிலுக்குப் பிடித்தால் நரம்பிலும் காம்பிலும் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் தெரியும். அப்படிக் கண்டால் இரக்கம் வேண்டாம். முதலில் சவர்க்காரத் தண்ணீர் அடித்து, நோயைக் காவும் அழுக்கணவன் பூச்சியைக் கொல்லுங்கள். அதைச் செய்யாமல் வெட்டினால் பூச்சி அயல்வீட்டு வாழைக்குப் போய்விடும். பிறகு கிழங்கோடு தோண்டி, துண்டு துண்டாக வெட்டிப் புதைத்துவிடுங்கள். பக்கத்துக் குட்டி நல்லாய்த்தானே இருக்கிறது என்று தங்கச்சிக்கும் மச்சாளுக்கும் கொடுக்காதீர்கள். நோய் தெரிய முன்னமே அது குட்டிக்குள் இருக்கும். இங்கே அது பெரும்பாலும் பரவுகிறதே இந்தத் தாராள மனத்தால்தான்.

இதை ஒருவருக்குக் காட்டி உறுதிப்படுத்தலாம் என்று விவசாயப் போதனாசிரியரைத் தேடிப் போனால், இன்றைக்குக் கூட்டம், நாளைக்குப் படிவம். பரப்புக் கணக்கில் தோட்டம் செய்கிறவனுக்கே அந்தப் பாடு. வாளியில் நிற்கும் ஒற்றை வாழைக்கு எந்தக் கோப்பிலும் இடமில்லை. அந்த இடைவெளியில்தான் போத்தல்காரரும் குட்டி வியாபாரியும் பிழைக்கிறார்கள். சந்தியில் லொறியை நிறுத்தி, வாழைக்குப் பேர்போன நீர்வேலியின் பெயரைச் சொல்லி “நீர்வேலிக் குட்டி” என்று விற்பவரிடம் தாய்மரத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அடுத்த குட்டியை, குலை தள்ளிய மரத்தை நீங்களே பார்த்த தோட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.