கியர் மாற்றியும் தீராத கோளாறு: டிரில் மெஷின் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் தலை) உள்ள ஹேமர் டிரில் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது. சுவரில் வைத்து அழுத்தினால் பிட் நின்றுவிடுகிறது, உள்ளே கரகரவென்று அரைபடும் சத்தம். நான்கு மாதம் முன்பு இதே கோளாறுக்குத்தான் புது கியர் போட்டேன். ஏன் இத்தனை சீக்கிரம் போனது?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: மோட்டார் ஓடி, கரகரவென்று அரைபட்டு, சக் நிற்கிறது என்றால் பெரும்பாலும் கியர் பல் போயிருக்கும். ஆனால் நான்கே மாதத்தில் போயிருப்பதால், குற்றம் பெரும்பாலும் கியரில் இருக்காது, அதற்கு அடுத்த பாகத்தில் இருக்கும்.

பெரிய கியரைச் சுற்றுவது பினியன். அது தனிப் பாகமல்ல. மோட்டாருக்குள் சுற்றும் பாகமான ஆர்மேச்சரின் ஷாஃப்ட் நுனியிலேயே சாய்வாக வெட்டிய சில பற்கள். பெரிய கியர் ஒரு சுற்று முடிப்பதற்குள் பினியன் பல சுற்று சுற்றிவிடும். அதனால் அதன் பல்லும் தேயும். தேய்ந்த பல் கத்தி முனைபோல் கூராகிவிடும். புதுக் கியரை அதோடு கோத்தால் சீவித் தள்ளிவிடும். பினியன் பல்லின் தலை தட்டையாக இல்லாமல் கூராக இருந்தால் ஆர்மேச்சரையும் கியரையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். செலவு அதிகம்தான். ஆனால் கியரை மட்டும் மாற்றினால் அந்தப் பணமும் வீண்.

பினியன் நன்றாக இருந்தால் ஆர்மேச்சர் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, முதலில் ஆர்மேச்சருக்கு மின்சாரம் கடத்தும் இரண்டு கார்பன் பிரஷ்களையும் வெளியே எடுங்கள். அதைச் செய்யாமல் ஆர்மேச்சரை இழுத்தால் பிரஷ் உடைந்துவிடும். எது எந்தப் பக்கம், எந்த வாக்கில் இருந்தது என்று குறித்துக்கொண்டு அப்படியே திரும்பப் போட வேண்டும். திருகாணிகளில் நீளம் வேறுபடும்; ஒரு அட்டையில் மெஷின் படம் வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

பேரிங்கை விரலால் சுற்றும்போது மணல் உரசுவதுபோல் இருந்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ அது முடிந்துவிட்டது. எண் அதன் விளிம்பிலேயே இருக்கும். உதாரணமாக 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மி.மீ. பின்னால் வரும் இசட்இசட் என்பது தகரமூடி, 2ஆர்எஸ் என்பது ரப்பர் மூடி. சிமென்ட் தூசியில் வேலை என்றால் ரப்பர் மூடியே நல்லது. கழற்ற புல்லர் (பேரிங்கை இழுத்தெடுக்கும் கருவி) வேண்டும். மாட்டும்போது உள்வளையத்தில் மட்டும் அழுந்தும் அளவில் ஒரு குழாய்த் துண்டை வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் அடித்தால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய், பாதையில் பள்ளம் விழுந்து, புது பேரிங் முதல் நாளே இரையும்.

பலர் தவறவிடுவது பேரிங் உட்காரும் குழி. பேரிங் இறுகிப்போனால் வெளிவளையமே சேர்ந்து சுற்றி, பிளாஸ்டிக் குழியை உருக்கி அகலமாக்கிவிடும். பிறகு பினியன் கியரை விட்டு விலகும், பல் நுனிகள் மட்டும் தொட்டுக்கொள்ளும், சுமை வந்ததும் பல் முறியும். உங்கள் மெஷினில் நடந்திருப்பது இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். குழி பளபளவென்று உருகின மாதிரி இருந்தால் பாடியை மாற்றுங்கள். பசை ஊற்றிச் சரிசெய்வது சூட்டில் நிற்காது.

கடைசியாக கிரீஸ். பழையதை மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவி, துடைத்து, உலரவிட்டு, பல் இடுக்கு நிறையும் அளவு மட்டும் கியர் கிரீஸ் பூசுங்கள். கியர் பாக்ஸை நிரப்பிவிடாதீர்கள். சூட்டில் இளகி மோட்டார் பக்கம் கசிந்து, கார்பன் தூளோடு சேர்ந்து, பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் அப்பிக்கொள்ளும். பிறகு தீப்பொறி பறக்கும். மூடியதும் சக்கைக் கையால் பல சுற்று சுற்றுங்கள். ஓரிடத்தில்கூட இடிக்கக் கூடாது. இடித்தால் மின்சாரம் கொடுக்காமல் மறுபடி திறங்கள்.

கேள்வி: சக் கழற்ற வரவில்லை. உள்ளே உள்ள திருகாணியின் தலை தேய ஆரம்பித்துவிட்டது.
(வாசகி, மதுரை)

பதில்: நிறுத்துங்கள், நீங்கள் அதை இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். முன்னும் பின்னும் சுற்றும் டிரில்களில் அந்தத் திருகாணி இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, பின்னால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். அது வந்த பிறகு சக் வழக்கமான வலது மரை. பெரிய ஆலன் கீ ஒன்றைச் சக்கில் இறுக்கிப் பிடித்து, அதன் நீண்ட கையில் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுத்தியலால் வெடுக்கென்று ஒரு அடி. மெதுவாகத் தள்ளினால் அசையாது, கியர்தான் சுமை தாங்கும்.

கேள்வி: கிரீஸ் மாற்றி மூடினேன். இப்போது சாதா டிரில்லில் வைத்தாலும் ஹேமர் அடிக்கிறது. மரத்தில் துளை போட முடியவில்லை.
(வாசகர், நாமக்கல்)

பதில்: கழுவின மண்ணெண்ணெயில் தேடுங்கள், ஒரு சின்ன இரும்புக் குண்டு கிடக்கலாம்.

இந்த வகை டிரில்லில் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் எதிரெதிராக இருக்கும். ஒன்று பாக்ஸில் நிலையாக, மற்றொன்று ஸ்பிண்டிலோடு (சக் மாட்டியிருக்கும் தண்டு) சுற்றும். நடுவில் ஸ்பிரிங். சுவரில் அழுத்தும்போது ஸ்பிண்டில் பின்னால் போய், பற்கள் ஏறி இறங்குவதுதான் அந்த அடி. சாதா நிலையில் ஸ்பிண்டில் பின்னால் போகாமல் தடுப்பது, பல மாடல்களில், அதன் பின்முனையில் இருக்கும் குண்டும் நெம்புகோலோடு திரும்பும் ஒரு கட்டையும். குண்டு விழுந்துவிட்டாலோ கட்டை திரும்பி உட்கார்ந்தாலோ தடுப்பு போய்விடும். அதே விட்டமுள்ள குண்டைக் கொஞ்சம் கிரீஸில் ஒட்டி வைத்து மூடுங்கள், விழாது. நெம்புகோலை இரண்டு பக்கமும் வைத்து, சக்கைக் கையால் உள்ளே தள்ளிப் பார்த்த பிறகே திருகாணிகளை இறுக்குங்கள்.

கேள்வி: பிட் ஆடுகிறது. சக் மாற்றினால் போதுமா?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: வாங்கும் முன் சக்கைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்பிண்டிலை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்பிண்டில் நேராகச் சுற்றினால் குற்றவாளி சக்கோ பிட்டோதான். அதுவே ஆடினால் ஸ்பிண்டில் வளைந்திருக்கிறது. மெஷினை நிறுத்தி, ஸ்பிண்டிலைக் கையால் பக்கவாட்டில் அசைத்தால் லொடலொடவென்று இருந்தால், முன் பேரிங்கோ புஷ்ஷோ (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் புதுச் சக் உதவாது.