தைராய்டு புற்றுநோய் வந்தவரின் தலையில் புதுக் கட்டி: அறுப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. ஆறு வருடம் முன்பு ஃபாலிகுலர் வகை தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதும் எடுத்து, அயோடின் மருந்தும் கொடுத்தார்கள். போன மாதம் தலை சீவிவிடும்போது உச்சிக்குக் கொஞ்சம் பின்னால் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. பக்கத்துக் கிளினிக்கில் கொழுப்புக் கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுத்துவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதலில் அந்தக் கிளினிக்கில் அம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய் இருந்ததைச் சொன்னீர்களா என்று யோசித்துப் பாருங்கள். தலையில் கட்டி என்று போகும்போது கழுத்தில் ஆறு வருடம் முன்பு நடந்த ஆபரேஷனைச் சொல்லத் தோன்றாது, அது இயல்புதான், ஆனால் இங்கே அந்த ஒரு தகவல்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

பயப்பட வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தைராய்டு புற்றுநோய் தோலுக்குப் பரவுவது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. இது சாதாரணக் கட்டியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அப்படி அபூர்வமாகப் பரவும்போது அது அதிகம் போய் உட்காரும் இடம் தலைதான். ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்தும் வரலாம். தோல் நிறத்திலோ சிவந்தோ லேசான ஊதாவாகவோ, வலியில்லாமல், மெதுவாக வளரும். பார்வைக்குக் கொழுப்புக் கட்டி மாதிரியேதான் இருக்கும், அதனால் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அவசரப்பட்டு அறுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஃபாலிகுலர் வகை ரத்தம் வழியாகப் போய் எலும்பில் தங்கும் பழக்கம் உடையது. மண்டை ஓட்டில் தங்கி, எலும்பை அரித்துக்கொண்டு வெளியே புடைத்து வந்தாலும் கைக்குத் தோலடிக் கட்டி போலத்தான் தெரியும். ரத்த ஓட்டம் மிக அதிகம், சில சமயம் விரல் வைத்தால் நாடி போலத் துடிக்கும். இதைச் சின்ன அறையில் வைத்துக் கீறினால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடாகிவிடும். அதனால் முதலில் ஸ்கேன், அப்புறம் ஊசி டெஸ்ட் (மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்லை எடுத்துப் பார்ப்பது) அல்லது பயாப்சி (சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது). சி.டி. எடுத்தால் மண்டை எலும்பு நன்றாகத் தெரியும், ஆனால் படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தில் அயோடின் இருக்கிறது. அதை ஏற்றிவிட்டால் கதிரியக்க அயோடின் ஸ்கேனையும் சிகிச்சையையும் சில வாரங்கள் தள்ளிப்போட வேண்டிவரும். கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுக்கலாமா, எம்.ஆர்.ஐ. போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி டெஸ்ட் சீட்டில் பழைய நோயின் பெயரைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் லேபில் தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் உண்டாக்கும் புரதம்), டி.டி.எஃப்-1 (செல்லுக்குள் இருக்கும் இன்னொரு புரதம்) இருக்கிறதா என்று சாயச் சோதனைகளைச் செய்து பார்ப்பார்கள். டி.டி.எஃப்-1 நுரையீரல் புற்றுநோயிலும் வரும். தைரோகுளோபுலினும் சேர்ந்து வந்தால்தான் தைராய்டிலிருந்து வந்தது என்று தெளிவாகும்.

கூடவே ரத்தத்தில் தைரோகுளோபுலின் அளவு. சுரப்பியை எடுத்து அயோடினும் கொடுத்தவருக்கு இது கிட்டத்தட்ட இல்லாமலே இருக்க வேண்டும், ஏறிக்கொண்டே போனால் எங்கோ தைராய்டு செல் இருக்கிறது என்று அர்த்தம். தைரோகுளோபுலின் எதிர்ப்பொருள் டெஸ்டையும் சேர்த்தே எடுங்கள், அது இருந்தால் முதல் டெஸ்ட் பொய்யாகக் குறைத்துக் காட்டும். முடி கொட்டுகிறது என்று அம்மா பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், அதுவும் குழப்பும்.

சரி, பரவியிருப்பது உறுதியானால்? கட்டி ஒன்றுதான், எடுக்கக்கூடியது என்றால் நல்ல வசதியுள்ள இடத்தில் எடுப்பார்கள், அல்லது கதிர்வீச்சு கொடுப்பார்கள். ஆனால் தோலில் வந்திருந்தால் நுரையீரலிலும் எலும்பிலும் இருக்க வாய்ப்பு கணிசம், அதனால் உடம்பு முழுவதும் பார்த்தாக வேண்டும், இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அந்தச் செல்கள் அயோடினை இழுத்தால் மறுபடி அயோடின் சிகிச்சை. அயோடின் ஸ்கேனுக்குத் தலைக்குக் குளித்து, துவைத்த உடை போட்டுப் போகச் சொல்லுங்கள். வியர்வையோ எச்சிலோ முடியில் பட்டிருந்தால்கூடக் கட்டி மாதிரி ஒளிரும். செல்கள் அயோடினை இழுக்காவிட்டால் லென்வாட்டினிப் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. அது நோயைப் பல மாதங்கள், சிலருக்கு வருடக்கணக்கில் கட்டுப்படுத்தும். ரத்த அழுத்தத்தை ஏற்றும், புண் ஆறுவதையும் தாமதப்படுத்தும், அதனால் ஆபரேஷன் எதுவானாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும்.

இந்த வாரமே அம்மாவுக்குப் பழைய சிகிச்சை கொடுத்த புற்றுநோய் மருத்துவமனைக்குப் போன் செய்து நேரம் வாங்குங்கள். ஆபரேஷன் சம்மரி, எவ்வளவு மில்லிகியூரி அயோடின் கொடுத்தார்கள் என்ற சீட்டு, கிடைத்தால் அன்றைய பயாப்சி பிளாக் (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு), ஸ்லைடு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், புதுக் கட்டியின் செல்லைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க அவை வேண்டும். தைராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.