ரிங்குக்குக் கீழேயே நிற்கச் சொல்கிறார்கள், சார்!

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன், வயது 16, உயரம் 6 அடி 4 அங்குலம். பள்ளி கூடைப்பந்து அணியில் பிவட் (ரிங்குக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்) ஆடுகிறேன். கோச் என்னை எப்போதும் ரிங்குக்குக் கீழேயே நிற்கச் சொல்கிறார், டிரிபிள் செய்தால் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போனால்) திட்டுகிறார். எனக்கு அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஆடும் யோக்கிச் மாதிரி எல்லாம் ஆடத் தெரிந்த பிவட் ஆக வேண்டும் என்று ஆசை. தினமும் தூரத்திலிருந்து போடும் த்ரீ பாயின்ட் பழகுகிறேன். பத்துக்கு இரண்டு விழுகிறது. என்ன பயிற்சி செய்தால் முன்னேறலாம், சார்? – தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்

தம்பி, முதலில் உன் கோச்சுக்காகக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். பள்ளி அளவில் ஆறடி நாலு பையன் கிடைப்பது அவருக்கு லாட்டரி. அடுத்த மேட்ச் ஜெயிக்க வேண்டும், நீ ரிங்குக்குக் கீழே கையைத் தூக்கி நின்றாலே பத்து ரீபவுண்ட் (விழாமல் திரும்பி வரும் பந்து) வரும். அவர் கணக்கு தப்பில்லை.

ஆனால் உன் கவலையும் நியாயம்தான். பள்ளியில் பிவட்டாக நிற்கும் ஆறடி நாலு, சீனியர் மட்டத்தில் பிவட் இல்லை. எதிரே ஆறடி எட்டு, ஆறடி ஒன்பது என்று வந்து நிற்பார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது. ஆறடி மூன்று உயரத்தில் கல்லூரி முடியும்வரை பிவட் ஆடினேன். அப்புறம் ஓர் அலுவலக அணியின் தேர்வுக்குப் போனால், அங்கே என்னைவிட உயரமாக மூன்று பேர். “நீ வெளியே விங்கில் ஆடு” என்றார்கள். பந்தை மூன்று தட்டு தட்டினேன், மூன்றாவது தட்டு என் ஷூவிலேயே பட்டுக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அன்றைக்கு மதியமே பஸ் ஏறிவிட்டேன்.

அதனால் விரிவாகவே சொல்கிறேன். முதல் வேலை, அந்த த்ரீயை மூட்டை கட்டி வை. என்றைக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போதைக்கு வேண்டாம். ப்ரூக் லோபஸ் 2008இல் என்பிஏவுக்கு வந்தவர், ஏழடி ஆள். முதல் எட்டு சீசனில் அவர் போட்ட த்ரீ மொத்தமே 3. ஒன்பதாவது சீசனில் மட்டும் 134 போட்டார். எட்டு வருடம் கிட்டே நின்று கையைப் பழக்கியிருந்ததால் தூரத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ள முடிந்தது. உனக்கு 16 வயதுதான் ஆகிறது, அவசரமே இல்லை.

யோக்கிச்சை டிவியில் பார்க்கும்போது பந்து ரிங்கில் விழுவதை விட்டுவிட்டு அவரை மட்டும் பார். 2.11 மீட்டர் உயரம், பெரிதாகக் குதிப்பதும் இல்லை, ஓடுவதும் இல்லை. 2014 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 41ஆவதாக எடுக்கப்பட்டவர் அதன்பின் மூன்று தடவை எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த வீரர் ஆனார். அவர் அதிகம் செய்வது ஒன்றுதான்: ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் வந்து பந்தை வாங்குகிறார், தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பார்க்கிறார். யாராவது நழுவி ஓடினால் பந்து அங்கே போகிறது. யாரும் ஓடாவிட்டால் தானே போடுகிறார். நீ ஆசைப்படும் ‘எல்லாம்’ அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

உனக்கு அந்த இடம் இன்னும் முக்கியம், ஏன் என்று சொல்கிறேன். பள்ளி மேட்ச் என்றால் எதிரணி பெரும்பாலும் இரண்டு-மூன்று ஸோன்தான் போடும், அதாவது ஆளுக்கு ஆள் பிடிக்காமல் இடத்தைக் காப்பார்கள், முன்னால் இருவர், பின்னால் மூவர். என்பிஏவில் தடுப்பவருக்கும் மூன்று விநாடி விதி உண்டு, ஆளைப் பிடிக்காமல் ரிங்குக்கு முன்னால் உள்ள கட்டத்தில் மூன்று விநாடிக்கு மேல் குடியிருக்க முடியாது. நாம் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து) விதியில் அது கிடையாது. மூன்று விநாடி விதி தாக்குகிறவனுக்கு மட்டும்தான். எதிரணிப் பையன் நாள் முழுக்க ரிங்குக்கு அடியில் நிற்கலாம், உனக்கு மட்டும் விசில் ஊதுவார்கள். டிவியில் பார்க்கிற திறந்த மைதானம் உன் கோர்ட்டில் கிடைக்காது. ஆனால் இரண்டு-மூன்று ஸோனில் நடுவே ஓர் ஓட்டை உண்டு. முன்னால் நிற்கும் இருவருக்கும் பின்னால் நிற்கும் மூவருக்கும் இடையில், ஃப்ரீ த்ரோ கோட்டை ஒட்டி. அதுதான் இனி உன் வீடு.

அங்கே பந்து கைக்கு வரும் அந்த நொடியைப் பார்ப்போம். ஓடி வந்து பந்தை வாங்கும்போது இரண்டு காலும் ஒரே சத்தத்தில் இறங்க வேண்டும். ‘டப்’ என்று ஒன்றுதான் கேட்க வேண்டும், ‘டப்-டப்’ என்று இரண்டாகக் கேட்கக் கூடாது. சேர்ந்து இறங்கினால் எந்தக் காலையும் ஊன்றுகாலாக வைத்துத் திரும்பலாம். ஒன்றன்பின் ஒன்றாக இறங்கினால் முதலில் பட்ட கால் மாட்டிக்கொள்ளும், உன் வழி பாதி அடைபட்டுப் போகும். சிமென்ட் கோர்ட் என்றால் இந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும், கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

வாங்கியதும் பந்து தாடைக்குக் கீழே, முழங்கைகள் வெளியே. உயரமான பையன்கள் எல்லோரும் செய்யும் தப்பு, பந்தை இடுப்புக்கு இறக்குவது. நான் பயிற்சி கொடுக்கும் கோர்ட்டில் ஆறடி மூன்று பையன் ஒருவன் இருக்கிறான். பந்தை வாங்கியதும் ஏதோ மூச்சு விடுகிற மாதிரி அதை இடுப்புக்கு இறக்குவான். ஐந்தடி ஐந்து கார்டு (பந்தைத் தட்டிக் கொண்டுபோகும் ஆள்) ஒருவன் அதற்காகவே காத்திருந்து தட்டிக்கொண்டு ஓடுவான். ஒரே மாலையில் நாலு தடவை. உயரத்தைக் கடவுள் கொடுத்தார், நீ அதைக் குள்ளனுக்குத் தானம் பண்ணுகிறாய் என்று கத்தினேன். மறுநாள் அவன் மணிக்கட்டில் பேனாவால் ‘இறக்காதே’ என்று எழுதிக்கொண்டு வந்தான்.

அப்புறம் ரிங்கைப் பார்த்துத் திரும்பு. முதல் பார்வை ரிங்குக்குக் கீழே, உன் ஆள் யாராவது பின்கோட்டுப் பக்கமாக நுழைகிறானா என்று. இரண்டாவது, எதிர் மூலை. மூன்றாவது, உன் முன்னால் நிற்பவனின் கால். ஒட்டி வந்திருந்தால் அவனைத் தாண்டி ஒரே தட்டு, இரண்டு எட்டில் ரிங். விலகி நின்றால் அங்கிருந்தே ஷூட். இதெல்லாம் இரண்டு விநாடிக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் ஸோன் சுருங்கி மூன்று பேர் உன்னைச் சுற்றிவிடுவார்கள். மூலைக்குப் பாஸ் தலைக்கு மேலிருந்து போகட்டும். ரிங்குக்குக் கீழே உள்ளவனுக்குத் தரையில் தட்டிக் கொடு.

அந்த ஒரே தட்டில்தான் பெரும்பாலும் ட்ராவலிங் (பந்தைத் தட்டாமல் காலை நகர்த்தும் தப்பு) விசில் வரும். பந்து கையை விட்டுப் போன பிறகே ஊன்றுகால் தரையை விட்டு எழ வேண்டும். முதலில் காலைத் தூக்கிவிட்டால் போச்சு. போனைத் தரையில் சாய்த்து வைத்து உன் கால்களை மட்டும் வீடியோ எடுத்துப் பார், எத்தனை தடவை ஏமாற்றியிருக்கிறாய் என்று உனக்கே தெரியும்.

டிரிபிள் என்றால் இப்போதைக்கு இவ்வளவு போதும்: வலக்கையால் தனியாக, இடக்கையால் தனியாக, ஒரு தட்டு, இரண்டு தட்டு. ரீபவுண்ட் எடுத்தபின் எதிரே யாரும் இல்லாவிட்டால் இரண்டு தட்டில் வெளியே வந்து கார்டுக்குக் கொடு. காலுக்கு நடுவே, முதுகுக்குப் பின்னால் என்று ரீல்ஸில் வருவதெல்லாம் உன் கோச்சுக்கு இரத்தக் கொதிப்பைத்தான் ஏற்றும்.

இனி கை. மைக்கன் டிரில் தெரியுமா? ஜார்ஜ் மைக்கன் 1940களில் ஆடியவர். 6 அடி 10, தடிமனான கண்ணாடி, கல்லூரிக்கு வந்தபோது நடக்கவே தடுமாறுவாராம். சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகக் கோச் ரே மேயர் அவரை ஸ்கிப்பிங் ஆட வைத்தார், குத்துச்சண்டைப் பயிற்சி கொடுத்தார், நடனம்கூடக் கற்கச் சொன்னார். ரிங்குக்குக் கீழே வலக்கையால் ஒன்று, பந்தைத் தரையில் விடாமல் பிடித்து இடக்கையால் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடும் பயிற்சிக்கு இன்றும் அவர் பெயர்தான். பின்னாளில் அவரை ரிங்குக்கு அடியில் நிறுத்திவைக்கவே முடியாமல், 1951இல் ரிங்குக்கு முன்னால் உள்ள அந்தக் கட்டத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடி ஆக்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை, 1967இல் ஏபிஏ என்ற புதிய லீக்குக்கு கமிஷனர் ஆனபோது த்ரீ பாயின்ட் கோட்டைக் கொண்டுவந்தவரும் இதே மைக்கன்தான்.

இந்த டிரில்லை 30 விநாடி செய், எத்தனை விழுந்தது என்று நோட்டில் எழுது. பந்து தோளுக்குக் கீழே இறங்கினால் அந்த ஷாட் கணக்கில் இல்லை. இடக்கை முதல் வாரம் கேவலமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

ஷாட்டை ஒரு மீட்டரிலிருந்து ஆரம்பி, ஒற்றைக் கையால். பத்துக்கு ஏழு விழுந்தால் ஓர் எட்டு பின்னால் போ. விழாவிட்டால் அங்கேயே நில். ரிங்குக்கு நாற்பத்தைந்து டிகிரி பக்கத்திலிருந்து போர்டில் அடித்துப் போடுவதையும் சேர்த்துக்கொள். என்பிஏவில் டிம் டங்கன் அதை வைத்தே பத்தொன்பது சீசன் பிழைத்தார். போர்டிலிருந்து 4.6 மீட்டர் தள்ளி இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டில் இருபது போடு, ஆனால் பயிற்சியின் முடிவில், கால் சோர்ந்த பிறகு. மேட்சில் ஃப்ரீ த்ரோ அப்படித்தான் வரும். அங்கே பத்துக்கு ஏழு நிலைத்துவிட்டால் அந்த த்ரீ மூட்டையை அவிழ்க்கலாம். மூலையிலிருந்து ஆரம்பி, மற்ற இடமெல்லாம் 6.75 மீட்டர் என்றால் மூலையில் 6.60தான்.

இன்னொன்று சொல்லட்டுமா? உன் உடம்புக்குச் சரியான பாடம் யோக்கிச் இல்லை, டிரேமண்ட் கிரீன். ஆறடி ஆறுதான், பல நேரம் பிவட் வேலை பார்க்கிறார். தன் அணியின் ஷூட்டர் ஸ்டெஃப் கறிக்கு ஸ்கிரீன் வைப்பார், அதாவது கறியைத் தடுப்பவனின் வழியில் குறுக்கே நிற்பார். இரண்டு பேர் கறியைச் சூழ்ந்ததும் இவர் ரிங்வரை ஓடாமல் பாதியிலேயே நின்று பந்தை வாங்குவார். இப்போது இவர்கள் நாலு பேர், எதிரே தடுக்க மூன்று பேர்தான். ஒரு பாஸ், முடிந்தது கதை. புள்ளி அதிகம் எடுக்காத இந்த ஆள் நாலு தடவை சாம்பியன். 2017இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் வாங்கினார், காரணம் உயரமானவனையும் பிடிப்பார், வெளியே குட்டி கார்டையும் பிடிப்பார். நீயும் வாரத்தில் இரண்டு நாள் உங்கள் அணியின் வேகமான கார்டை ஒற்றைக்கு ஒற்றை பிடித்துப் பழகு. ஒரு கை தூரம் விட்டு நில், கையை நீட்டாமல் காலை நகர்த்து. அவன் உன்னை ஏமாற்றிக்கொண்டே இருப்பான், சிரித்துக்கொள்.

சிமென்ட் தரையில் தினமும் குதித்துக்கொண்டே இருக்காதே. வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிற பிரச்சினை ஓடிக் குதித்து ஆடும் பையன்களுக்கு அடிக்கடி வரும். வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு ஆடாமல் டாக்டரைப் பார். வாரம் நாலு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் தனிப்பயிற்சி போதும்.

கடைசியாக, கோச்சிடம் போய் “நான் வெளியே ஆட வேண்டும்” என்று சொல்லாதே, அது அவர் காதில் “ரீபவுண்ட் எடுக்க மாட்டேன்” என்றுதான் விழும். “சார், அவங்க ஸோன் போட்டா நான் ஃப்ரீ த்ரோ லைனுக்கு வந்து பால் வாங்கட்டுமா?” என்று கேள். சரி என்றால், முதல் மூன்று தடவை ஷூட் பண்ணாதே. மூன்றும் பாஸாக இருக்கட்டும், அதில் ஒன்று உன் ஆளுக்குச் சுலபமான லே-அப் ஆகட்டும். நாலாவது தடவை உன் முன்னால் இருப்பவன் பாஸை எதிர்பார்த்துப் பின்வாங்குவான், அப்போது போடு.