மாத்திரை சாப்பிடும் தாய் பால் கொடுக்கலாமா?

கேள்வி: பேறுகாலத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். மகளுக்கு இரண்டரை மாதம் ஆகிறது. எனக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்ததால், மருத்துவர் ஐந்து நாளுக்கு அமாக்ஸிசிலினும் பாராசிட்டமால் 650-உம் எழுதித் தந்தார். மூக்கடைப்புக்காக மருந்துக் கடையில் நானாகவே ஒரு சளி மாத்திரையும் வாங்கினேன். "மருந்துச் சூடு பிள்ளைக்கு இறங்கும்" என்று ஆச்சி தடுத்துவிட்டதால், மூன்று நாளாகப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு டப்பாப் பால் கொடுத்துவருகிறேன். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, சேரன்மகாதேவி

பதில்: உங்கள் கடிதம் அச்சேறுவதற்குள் அந்த ஐந்து நாளும் முடிந்திருக்கும் என்பதால், நேரிலும் ஒரு மருத்துவரைப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மருத்துவர் எழுதிய இரண்டு மருந்துகளுக்காகவும் நீங்கள் பாலை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. இரண்டுமே கைக்குழந்தைகளுக்கு நேரடியாகக் கொடுக்கப்படும் மருந்துகள். தாய்ப்பால் வழியாகச் சேர்வது அதில் மிகச் சிறிய பங்குதான். அமாக்ஸிசிலினால் சில குழந்தைகளுக்கு மலம் சற்று இளகிப் போகலாம், வாயில் வெண்படலம் தோன்றலாம். அவற்றைக் கவனித்துக்கொண்டால் போதும்.

ஆச்சியின் கவலை பொருளற்றது அல்ல. தாயின் இரத்தத்தில் இருக்கும் மருந்து பாலுக்குள் வரத்தான் செய்யும். ஆனால் வந்த மருந்து பாலிலேயே தங்கிவிடுவதில்லை. இரத்தத்தில் அதன் அளவு குறையும்போது பாலிலிருந்தும் அது பெரும்பாலும் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே பீய்ச்சிக் கொட்டுவதால் மருந்து விரைவாக வெளியேறிவிடாது, பால்தான் வீணாகும். தாயின் எடைக்கேற்ற மருந்தளவோடு ஒப்பிடும்போது, குழந்தையின் எடைக்கேற்ப அதற்குப் போய்ச் சேரும் அளவு 10 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், பெரும்பாலான மருந்துகளை ஏற்கத்தக்கவையாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கும் மட்டும், கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முதிராததால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

எனக்குக் கவலை தருவது, நீங்களே வாங்கிய அந்தச் சளி மாத்திரைதான். இவ்வகைக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருக்கும். மருத்துவர் தந்த 650-உடன் இதையும் விழுங்கினால் தெரியாமலே அளவு இரட்டிப்பாகும். மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் சேர்ந்திருந்தால் பாலே குறையக்கூடும். 2003-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 60 மில்லிகிராம் ஒரு வேளை எடுத்ததற்கே அன்றைய பால் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. தூக்கம் வரவழைக்கும் குளோர்பெனிரமின் குழந்தையையும் மந்தமாக்கலாம். கோடீன் கலந்த இருமல் சிரப்பைத் தொடவே வேண்டாம். உடலுக்குள் அது மார்பின் (morphine) என்ற வலுவான வலிநீக்கி மருந்தாக மாறுகிறது; சில தாய்மார்களின் உடலில் அந்த மாற்றம் மிக வேகமாக நடந்து, குழந்தையின் மூச்சையே பாதிக்கக்கூடும் என்பதால், பாலூட்டும் தாய்மார் அதைத் தவிர்க்க வேண்டுமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. வலிக்காக ஆஸ்பிரின் போடுவதையும் தவிருங்கள். மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு மருந்தும் ஆவி பிடித்தலும் போதும்.

இனி, பால் கட்டிய மார்பிலேயே குழந்தையை அடிக்கடி போடுங்கள். புட்டிக்குப் பழகிவிட்ட பிள்ளை முதலில் முரண்டு பிடிக்கும். இரவு நேரத்திலும், அரைத்தூக்கத்திலும் கொடுத்துப் பாருங்கள். மார்பு சிவந்து, மீண்டும் காய்ச்சலடித்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைப் பால் கொடுத்து முடித்த உடனே விழுங்கும் வழக்கத்தையும் வைத்துக்கொள்ளலாம்.

ஆச்சியிடம் ஒன்று சொல்லுங்கள்: மாத்திரைக்கு அஞ்சும் அவர், பிள்ளை வளர்ப்பான் என்று வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதற்கும் கொஞ்சம் அஞ்சலாம். அது நேராகவே குழந்தையின் வயிற்றுக்குப் போகிறது.

கேள்வி: தைராய்டு குறைவுக்குத் தினமும் மாத்திரை எடுக்கிறேன். பால் கொடுக்கும் வரை அதை நிறுத்திவைக்கலாமா?
— ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: நிறுத்தாதீர்கள். அது உடலில் இயல்பாகவே இருக்க வேண்டிய சுரப்பு. குறைந்ததை ஈடுசெய்யும் அளவில் எடுக்கும்போது பாலுக்குள் மிகக் குறைவாகவே போகிறது, குழந்தைக்குத் தீங்கும் இல்லை. மாறாக, நிறுத்தினால் உங்களுக்குப் பால் சுரப்பதே குறையக்கூடும். கர்ப்பத்தின்போது கூட்டப்பட்ட அளவு இப்போது மிகையாகிவிடலாம் என்பதால், பேறுகாலம் முடிந்து ஆறு வாரமானதும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.