குழாய்க்குள் நீளும் கம்பி

அன்புள்ள ஐயா,

அண்மையில்தான் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் பெற்றேன். 145 மெகாஹெர்ட்ஸுக்குத் தாமிரக் கம்பியில் டைபோல் (நடுவிலிருந்து இரு பக்கமும் நீளும்) ஆன்டெனா செய்து, மழைக்குப் பயந்து பிவிசி குழாய்க்குள் செருகினேன். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்புகிறது என்று காட்டும், 1ஐ ஒட்டி இருக்க வேண்டிய எஸ்.டபிள்யூ.ஆர். வெளியே 1.2 காட்டியது; உள்ளே போனதும் 2ஐத் தாண்டிவிட்டது. மலிவான குழாய் சிக்னலைத் தின்றுவிடும், கண்ணாடியிழைக் குழாய் வாங்கு என்கிறார் நண்பர். உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாங்க வேண்டாம். குழாய் எதையும் தின்னவில்லை. ஒரு பொருள் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைக் காட்டும் மின்காப்பு மாறிலி பிவிசிக்கு ஏறத்தாழ 3, காற்றுக்கு 1. பிளாஸ்டிக் சூழ்ந்த கம்பியில் அலையின் வேகம் சற்றுக் குறைவதால், அதே கம்பி மின்னளவில் நீண்டுவிடுகிறது. ஆன்டெனா ஒத்ததிரும் அதிர்வெண் கீழே இறங்குகிறது. கண்ணாடியிழையின் மாறிலி இன்னும் அதிகம். அதுவும் இதையேதான் செய்யும்.

144 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாகவும் 146இல் கூடுதலாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கம்பி தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறது என்று பொருள். நுனி மூடிகளைக் கழற்றி, இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் வெட்டுங்கள். சுமார் 98 சென்டிமீட்டர் டைபோலில் அந்த 6 மில்லிமீட்டரே ஏறக்குறைய 0.9 மெகாஹெர்ட்ஸ் ஏற்றிவிடும். ஒவ்வொரு முறையும் மூடியை மாட்டி, ஆன்டெனாவை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்திய பிறகே அளவெடுங்கள். அதுவரை மூடிக்குப் பசை வேண்டாம்.

கறுப்புக் குழாயை மட்டும் நான் சோதிக்காமல் எடுப்பதில்லை. சிலவற்றில் சிக்னலை உறிஞ்சும் கரித்தூள் கலந்திருக்கும். ஒரு துண்டை மைக்ரோவேவ் அடுப்பில், பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரோடு ஒரு நிமிடம் வையுங்கள். துண்டு தானாகச் சூடேறினால் ஒதுக்கிவிடுங்கள்.

பிவிசிக்கு உண்மையான பகை வெயில். என் 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலின் நடுக்காப்பாக ஒரு சாண் குழாய்த் துண்டைத்தான் கட்டியிருந்தேன். சில ஆண்டுகளில் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்து, கயிறு இழுத்த துளையிலிருந்து கீறல் ஓடி, ஒரு காற்று நாளில் இரண்டாகப் பிளந்தது. துளையை விளிம்பை ஒட்டிப் போட்டது என் தவறு. இப்போது விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளித் துளையிட்டு, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, உலோகத்தூள் கலவாத பெயிண்ட் இரண்டு கை பூசிவிடுகிறேன். அதிக வாட்ஸ் பாயும் சுருளைப் பிவிசி மேல் சுற்றாதீர்கள். சுமார் 80 டிகிரி செல்சியஸிலேயே அது இளகிவிடும்.

உங்கள் குழாயின் அடிமூடியில் ஒரு சிறு துளை விடுங்கள். எவ்வளவு அடைத்தாலும் உள்ளே நீர் கோக்கும். அது வெளியேற வழி வேண்டும். வெட்டி முடித்தபின் எஸ்.டபிள்யூ.ஆர். என்ன காட்டியது என்று எழுதுங்கள்.