ராணுவ ஓய்வூதியமும் '10 ஆண்டு' விதியும்

கேள்வி: என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் ஓய்வுபெற்றவர். திருமணமாகி 8 ஆண்டுகள். விவாகரத்து வழக்கு நடக்கிறது. 10 ஆண்டு ஆகாததால் ஓய்வூதியத்தில் எனக்குப் பங்கில்லை என்கிறாரே?

பதில்: தவறு. பங்கை முடிவுசெய்வது மாநில நீதிமன்றம். 1982-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. திருமணமும் பணிக்காலமும் 10 ஆண்டு சேர்ந்து ஓடியிருந்தால், ராணுவச் சம்பள அலுவலகமான டிஃபாஸ், சொத்தாகப் பிரிக்கப்பட்ட ஓய்வூதியப் பங்கை நேரடியாக உங்களுக்கே அனுப்பும். இல்லையென்றால் கணவர்தான் மாதாமாதம் தரவேண்டும். ஆகவே தொகை அல்லது சதவீதம், தேதி, செலுத்தும் முறை எல்லாம் தீர்ப்பில் இருக்கட்டும்.

அவர் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து ஊனமுற்றோர் இழப்பீடு வாங்கினால் உங்கள் பங்கு சுருங்கும். அதை ஈடுகட்டச் சொல்லி மாநில நீதிமன்றம் உத்தரவிட முடியாது என்று 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜீவனாம்சம் பேசும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: அவர் இறந்தால் பங்கும் நின்றுபோகும். ஓய்வுபெற்றபோது எஸ்பிபி என்ற வாரிசு ஓய்வூதியத் திட்டத்தில் உங்களைச் சேர்த்திருந்தால், 'முன்னாள் மனைவி' என்ற பெயரில் அது தொடரவேண்டும் எனத் தீர்ப்பில் எழுதவையுங்கள். உத்தரவு வந்த 1 ஆண்டுக்குள், அதைக் கோரும் 2656-10 படிவத்தை நீங்களே டிஃபாஸுக்கு அனுப்புங்கள். அவர் அனுப்புவார் என்று காத்திருக்காதீர்கள். 55 வயதுக்குமுன் மறுமணம் செய்தால் அந்த எஸ்பிபி தொகை நிறுத்தப்படும்.