பி.ஹெச்.சி-ல மாத்திரை இல்லன்னா யார்கிட்ட கேக்கணும்? கலெக்டரா, டிடியா, ஜேடியா?

ஒரு சகோதரி அனுப்பியிருக்கற கேள்வி இது, கொஞ்சம் சுருக்கி போடறேன். "எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துலதான் (பி.ஹெச்.சி) மாமியாருக்கு சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாங்கறோம். மூணு மாசமா ஒரு மாசத்துக்கு தர வேண்டியத பத்து நாளைக்குதான் தராங்க. லேப் டெக்னீஷியன் மாறுதல்ல போயிட்டாரு, வேற ஆள் வரல, ரத்த டெஸ்டுக்கு வெளிய காசு கொடுக்கறோம். ஆஸ்பத்திரி வாசல்லயே சாக்கடை தேங்கி ஒரே கொசு. எல்லாத்தையும் எழுதி கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தேன், அது ஜேடி (இணை இயக்குநர்) ஆபீசுக்கு போச்சு, அவங்க எங்களுக்கு சம்பந்தம் இல்லன்னு பதில் போட்டுட்டாங்க. யாரைத்தான் சார் கேக்கறது?"

நான் மாவட்ட சுகாதார அலுவலகத்துல நிர்வாகப் பக்கம் ரொம்ப வருஷம் இருந்தவன், இந்த மாதிரி மனு நூத்துக்கணக்குல என் மேஜைக்கு வந்திருக்கு. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா நீங்க எழுதினது ஒரு மனு இல்ல, மூணு மனு. மாத்திரைக்கு ஒருத்தர் கையெழுத்து போடணும், ஆள் போடறதுக்கு இன்னொருத்தர், சாக்கடைக்கு மூணாவது ஒருத்தர். மூணையும் ஒரே தாள்ல எழுதினா வாங்கற கிளார்க் முதல் வரியில "ஆஸ்பத்திரி"ன்னு பார்த்துட்டு ஜேடி ஆபீஸ்னு டிக் அடிச்சு அனுப்பிடுவாரு, அவ்வளவுதான் நடந்திருக்கும்.

ஜேடி ஏன் சம்பந்தம் இல்லன்னு சொன்னாருன்னா, தமிழ்நாட்டுல அரசு ஆஸ்பத்திரின்னு நாம மொத்தமா சொல்றது உண்மையில மூணு தனித்தனி இயக்ககம். கிராமத்து துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், தடுப்பூசி, கொசு ஒழிப்பு, காய்ச்சல் கண்காணிப்பு இதெல்லாம் பொது சுகாதாரத் துறை, டிபிஹெச்-ன்னு சொல்வாங்க. அதுக்கு மாவட்டத்துல தலைமை முன்னாடி துணை இயக்குநர், இப்ப மாவட்ட சுகாதார அலுவலர்னு பேர் மாத்திட்டாங்க, ஆனா ஊர்ல இன்னமும் டிடி ஆபீஸ்னுதான் சொல்றோம். தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி இதெல்லாம் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம், அதோட மாவட்டத் தலைவர்தான் இணை இயக்குநர், அதாவது ஜேடி. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரின்னா மருத்துவக் கல்வி இயக்ககம், அங்க டீன் வச்சதுதான் சட்டம். மூணு பேரும் மூணு இயக்குநருக்கு பதில் சொல்றவங்க, அந்த மூணு இயக்குநரும் சென்னையில சுகாதாரத் துறை செயலாளர்கிட்ட போய்தான் ஒண்ணா சேருவாங்க. உங்க ஊர் பி.ஹெச்.சி ஜேடி கையில இல்லங்கறது நிஜம், அவர் எழுதின பதில் சரி. என்ன, டிடி ஆபீசுக்கு திருப்பி அனுப்பிட்டு எழுதியிருக்கலாம்.

இதுல இன்னொரு குழப்பமும் உண்டு. 2022 ஜனவரியில ஒரே நாள்ல 11 புது மெடிக்கல் காலேஜ் திறந்தாங்க இல்லயா, விருதுநகர், நாமக்கல், திண்டுக்கல், ராமநாதபுரம், அரியலூர் மாதிரி ஊர்கள்ல, அங்கெல்லாம் அதுவரைக்கும் ஜேடிகிட்ட இருந்த தலைமை ஆஸ்பத்திரி டீன் கைக்கு போயிடுச்சு. ஜனங்களுக்கு அதே கட்டடம், அதே ஓபி சீட்டு வரிசை, ஆனா கேக்க வேண்டிய ஆள் வேற. அதே மாதிரி வருவாய் மாவட்டம் ஒண்ணா இருந்தாலும் சுகாதார மாவட்டம் ரெண்டா இருக்கலாம். ராமநாதபுரம் மாவட்டத்துல பரமக்குடி தனி, விருதுநகர்ல சிவகாசி தனி, தூத்துக்குடியில கோவில்பட்டி தனி, திண்டுக்கல்ல பழனி தனி. உங்க பி.ஹெச்.சி எந்த சுகாதார மாவட்டம்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க, கிராம சுகாதார செவிலியரக் கேட்டாலே சொல்லிடுவாங்க. மாநகராட்சியில இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்னா அது மாநகராட்சி பக்கம், மாநகர நல அலுவலரையும் ஆணையரையும்தான் பிடிக்கணும். இ.எஸ்.ஐ ஆஸ்பத்திரி தொழிலாளர் துறை, இந்த மூணுலயும் சேராது.

இப்ப மாத்திரைக்கு வரேன், இதத்தான் நான் நல்லா அறிஞ்சவன்.

அரசு ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கறது டிடியும் இல்ல, கலெக்டரும் இல்ல. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு ஒண்ணு இருக்கு, 1994ல பதிவு பண்ணி 1995ல இருந்து நடக்குது, மாநிலம் முழுசுக்கும் மொத்தமா டெண்டர் விட்டு வாங்கி மாவட்ட குடோன்கள்ல அடுக்கி வைக்கறவங்க அவங்க. கேரளாவும் ராஜஸ்தானும் பின்னாடி இதப் பார்த்துதான் அவங்க ஊர்ல கழகம் ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு பி.ஹெச்.சி-க்கும் ஒரு பாஸ்புக் உண்டு, பேங்க் பாஸ்புக் மாதிரியேதான், இந்த வருஷம் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கலாம்னு ஒதுக்கீடு இருக்கும், எடுக்க எடுக்க கழிஞ்சுகிட்டே வரும். மருந்தாளுநர் இண்டென்ட், அதாவது எந்த மருந்து எவ்வளவு வேணும்னு கேட்பு, போடணும், மெடிக்கல் ஆபீசர் கையெழுத்து போடணும், வண்டி போய் குடோன்ல எடுத்துட்டு வரணும். ஆக மாத்திரை குறையுதுன்னா மூணு இடத்துல ஒரு இடத்துல சிக்கியிருக்கும். ஒண்ணு இங்க இண்டென்ட் குறைச்சு போட்டிருப்பாங்க, இல்லன்னா ஒதுக்கீடு தீர்ந்திருக்கும், இல்லன்னா குடோன்லயே சரக்கு இருக்காது. குடோன்ல பெட்டி கண்ணுக்கு எதிர்ல இருக்கும், ஆனா தர மாட்டாங்க, அதுவும் நடக்கும், ஏன்னா புதுசா வர ஒவ்வொரு பேட்ச்ல இருந்தும் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பி, ரிசல்ட் நல்லபடியா வந்த பிறகுதான் வெளிய விடணும். அந்த காத்திருப்பு நம்ம நல்லதுக்குத்தான், அதுல அவசரப்படுத்தக் கூடாதுன்னு நான் உறுதியா நினைக்கறேன்.

நான் வேலையில இருந்தப்ப ஒரு பி.ஹெச்.சி-ல மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை இதே மாதிரி மாசா மாசம் பாதி மாசத்துலயே காலி ஆகும். ஜனங்க வந்து சத்தம் போடுவாங்க, மருந்தாளுநர் பொண்ணு பாவம் அழுதே இருக்கு. நேர்ல போய் ஸ்டாக் ரிஜிஸ்டரயும் நோயாளி ரிஜிஸ்டரயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தோம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச பிறகு தன்னார்வலர்கள் வீடு வீடா போய் சுகர், பிரஷர் பார்த்து புதுப்புது ஆளா சேர்த்துட்டே இருக்காங்க, நோயாளி எண்ணிக்கை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடுச்சு, ஆனா இண்டென்ட் மட்டும் பழைய வருஷக் கணக்குலயே போயிட்டிருக்கு. யாரும் திருடல, யாரும் பதுக்கல, ஒரு கணக்கு இன்னொரு கணக்கோட பேசல, அவ்வளவுதான் விஷயம். வட்டார மருத்துவ அலுவலர் அங்கயே நின்னு பக்கத்து பி.ஹெச்.சி-க்கு போன் போட்டாரு, அங்க மிச்சமா இருந்த பெட்டிகள் சாயங்காலமே ஜீப்ல வந்துடுச்சு, அடுத்த மாசத்துக்கு இண்டென்ட்ட திருத்திட்டோம். அதே விஷயமா மேல கொடுத்திருந்த மனு எங்க டேபிளுக்கு வந்து சேர்ந்தது அதுக்கு மூணு வாரம் கழிச்சு.

அதனால மாத்திரைக்கு நீங்க முதல்ல பார்க்க வேண்டியது கலெக்டர இல்ல, உங்க பி.எம்.ஓ-வ, அதான் வட்டார மருத்துவ அலுவலர. கேக்கும்போது "மாத்திரை இல்ல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்த மாத்திரை, எத்தன மில்லிகிராம், எந்தத் தேதியில எத்தன நாளைக்கு கொடுத்தாங்கன்னு சொல்லுங்க, மாமியாரோட நோட்டுல எழுதியே இருக்கும். அப்புறம் ஒரே கேள்வி, இண்டென்ட்ல குறையா, ஒதுக்கீடு தீர்ந்துச்சா, குடோன்ல இல்லயா? முதலாவதுன்னா அவரே சரி பண்ண முடியும். ரெண்டாவதுன்னா டிடி ஆபீஸ் மூலமா கூடுதல் ஒதுக்கீடு கேக்கணும். மூணாவதுன்னா டிடி, குடோன் பொறுப்பாளர்கிட்ட பேசி வேற மாவட்ட குடோன்ல இருந்து மாத்தி வாங்கலாம், அவசரத்துக்கு உள்ளூர்ல கொஞ்சம் வாங்கிக்கவும் வழி இருக்கு.

லேப் டெக்னீஷியன் விஷயம் இதவிட சிக்கல். நிரந்தரப் பணியிடம்னா ஆள் எடுக்கறது சென்னையில மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி, 2012ல இருந்து அவங்கதான். அங்க நோட்டிபிகேஷன் வந்து பரீட்சை வச்சு ஆர்டர் போடற வரைக்கும் டிடியால புதுசா ஆள் போட முடியாது, பக்கத்து நிலையத்துல இருந்து வாரத்துல ரெண்டு மூணு நாள் மாத்துப் பணியா அனுப்பலாம். ஆனா அந்தப் பணியிடம் தேசிய நலவாழ்வுக் குழுமத்துல ஒப்பந்த வேலைன்னா கதையே வேற. அதுக்கு மாவட்டத்துல மாவட்ட நலவாழ்வுச் சங்கம்னு ஒண்ணு இருக்கு, அதுக்குத் தலைவரே கலெக்டர்தான், விளம்பரம் மாவட்ட வெப்சைட்லயே வரும், தேர்வும் மாவட்டத்துலயே முடிஞ்சுடும். அந்தத் திட்டத்துப் பணத்துல 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு, செலவு பண்ற இடம் மாவட்டம். அதனால "லேப் டெக்னீஷியன் வேணும்"னு கேக்காம, "அந்தப் பணியிடம் நிரந்தரமா ஒப்பந்தமா, ஒப்பந்தம்னா சங்கத்துல எப்ப விளம்பரம் கொடுப்பீங்க, அதுவரைக்கும் மாத்துப் பணிக்கு எந்தெந்த கிழமை ஆள் வருவாங்க"ன்னு கேளுங்க. இப்படிக் கேட்டா மழுப்பலா பதில் எழுத முடியாது, நான் அந்த நாற்காலியில இருந்தவன், எனக்குத் தெரியும்.

சாக்கடை டிடி வேலையும் இல்ல, ஜேடி வேலையும் இல்ல. கிராமம்னா ஊராட்சி, அதுக்கு மேல பி.டி.ஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். ஆனா கொசுன்னு வந்துட்டா சுகாதாரத் துறையும் உள்ள வந்துடும், 1939ல போட்ட பொது சுகாதாரச் சட்டம் இன்னிக்கும் நடைமுறையில இருக்கு, அதுல உள்ளாட்சிக்கும் சுகாதார அலுவலருக்கும் ரெண்டு பேருக்குமே கடமை சொல்லியிருக்கு. நடைமுறையில எப்படின்னா, வீடு வீடா தொட்டி, டயர் பார்க்க வர டெங்கு தடுப்புப் பணியாளருக்கு சம்பளம் உள்ளாட்சிப் பக்கத்துல இருந்து, வேலை வாங்கறது ஹெல்த் இன்ஸ்பெக்டர். ஒரு பக்கம் சம்பளம் நின்னா இன்னொரு பக்கம் வேலை நிக்கும். இங்கதான் கலெக்டர் தேவைப்படறாரு. டாக்டர்களுக்கு அவர் அதிகாரி இல்ல, மருந்து என்ன எழுதணும்னு அவர் சொல்ல முடியாது, ஆனா டிடி, ஜேடி, டீன், பி.டி.ஓ, நகராட்சி ஆணையர், குடிநீர் வடிகால் வாரிய இன்ஜினியர் இத்தன பேரையும் ஒரே மேஜையில உக்கார வச்சு "நாளைக்கு காலையில யார் போறீங்க"ன்னு கேக்கற அதிகாரம் மாவட்டத்துல அவர் ஒருத்தருக்குத்தான்.

அந்த மேஜையோட பலம் என்னன்னு பிரசவ மரண ஆய்வுக் கூட்டத்துல நான் பார்த்திருக்கேன். ஒரு தாய் இறந்துட்டா கலெக்டர் தலைமையில ஆய்வு, கிராம செவிலியர்ல இருந்து 108 ஆம்புலன்ஸ் ஆள், பி.ஹெச்.சி டாக்டர், ஜேடி, டீன், தனியார்ல பார்த்திருந்தா அந்த டாக்டர், இறந்தவங்க வீட்டு ஆள் வரைக்கும் வந்து உக்காருவாங்க. எத்தன மணிக்கு வலி வந்துச்சு, எத்தன மணிக்கு வண்டி வந்துச்சு, ரத்தம் எங்க கிடைச்சுதுன்னு நிமிஷக் கணக்கா போகும். ஒரு கூட்டத்துல ஒரு புருஷன், கைக்குழந்தையோட வந்து உக்காந்து, "ரெண்டாவது ஆஸ்பத்திரியில இருந்து ஏன் அனுப்பினீங்க"ன்னு கேட்டாரு, ரூம்ல ஒரு சத்தம் இல்ல. அடுத்த வாரமே அந்த ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவுல அனுப்பறதுக்கு முன்னாடி போன் பண்ணியாகணும்னு எழுத்துல ஆர்டர் வந்துச்சு. 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டுல உயிரோட பிறக்கற லட்சம் குழந்தைக்கு 54 தாய் மரணம், இந்திய அளவுல 97. அதுக்குக் காரணம் பல, ஆனா இந்த மாதிரி உக்காந்து பேசினதுக்கு அதுல பெரிய பங்கு இருக்குன்னு நான் மனசார நம்பறேன்.

சரி, இப்ப நீங்க செய்ய வேண்டியது. மாத்திரைக்கு பி.எம்.ஓ-வுக்கு ஒரு பக்கத்துல லெட்டர், நகல் மாவட்ட சுகாதார அலுவலருக்கு. லேபுக்கு மாவட்ட சுகாதார அலுவலர் பேர்லயே, "நகல்: தலைவர், மாவட்ட நலவாழ்வுச் சங்கம்"னு போட்டு. இந்த ரெண்டையும் நேர்ல கொடுத்து உங்க நகல்ல சீல், தேதி வாங்கிக்கோங்க. சாக்கடைய மட்டும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துல கொடுங்க, ஆஸ்பத்திரி வாசல், காய்ச்சல் வர இடம்னு போட்டோவோட, பி.டி.ஓ-வும் சுகாதார அலுவலரும் சேர்ந்து பார்க்கணும்னு அதுலயே எழுதிடுங்க, மனு நம்பர பத்திரமா வச்சுக்கோங்க. நடுவுல 104 சுகாதார உதவி எண்ணுக்கு போன் பண்ணியும் பதிவு பண்ணலாம், முதல்வர் உதவி மையம் 1100லயும் பண்ணலாம். கிராம சபை வருஷத்துல ஆறு நாள் கூடுது, அதுல இந்த மூணையும் தீர்மானமா போட வச்சா தனி ஆள் மனுவவிட கனம் அதிகம்.

ஒரு மாசம் ஆகியும் பதில் வரலன்னா 10 ரூபா கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்க, பொதுத் தகவல் அலுவலர், மாவட்ட சுகாதார அலுவலகம்னு. கடைசி ஆறு மாசத்துல எங்க பி.ஹெச்.சி மெட்ஃபார்மினுக்கு எவ்வளவு இண்டென்ட் போட்டது, எவ்வளவு வந்துச்சு, சுகர் நோயாளி பதிவு எத்தனன்னு மூணே கேள்வி. 30 நாள்ல பதில் தரணும். பெரும்பாலும் அந்த பதிலத் தயார் பண்ண உக்காரும்போதே இண்டென்ட்ட திருத்திடுவாங்க. மாமியார மட்டும் இதுக்கெல்லாம் காத்திருக்க வச்சு மாத்திரைய நிறுத்திடாதீங்க, கிடைக்கற பத்து நாள் மாத்திரைய ஒரு மாசத்துக்கு பங்கு போட்டு கொடுக்கறதும் வேண்டாம், அதுவரைக்கும் தாலுகா ஆஸ்பத்திரி ஓபி-ல அதே நோட்டக் காட்டி வாங்கிக்கலாம்.